மாமா சொல்லாத பத்தியம்

குளித்துவிட்டு வந்ததும் மாமா செய்கிற முதல் காரியம், சமையற்கட்டு வாசலின் நிலைக்கட்டையில் முதுகைச் சார்த்திக்கொண்டு மேலும் கீழுமாகத் தேய்ப்பது. தண்ணீர் பட்டால் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது என்பார். வெந்நீராக இருந்தால் இன்னும் மோசம். ஈரத் துண்டு தோளில் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு அவர் தேய்ப்பதைப் பார்க்கப் பெரிய தவம் ஒன்று நடப்பதுபோல் இருக்கும். அடுப்பின் முன்னாலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "எருமகூட மரத்தாண்ட போய்த்தான் தேச்சிக்கும். எங்க வூட்டுக்காரருக்கு நெலவாசல் கேக்குது." மாமா கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வார்: "தோலு கம்பெனில வேல செய்றவனுக்குத் தோலு அரிக்காம பின்ன இன்னா அரிக்கும்?" விடுமுறைக்கு ஆம்பூர் வந்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்ணான நான், இந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே அவர் குளிக்கும் நேரத்தில் வாசலருகே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

எங்கள் வீடு குடியாத்தத்தில். அப்பாவுக்கு லுங்கித் தறி. தோல் வேலையில் இருக்கும் ஒருவருக்குப் பெண் கொடுப்பதற்கு அப்பா கொஞ்சம் தயங்கினார். மாப்பிள்ளை பச்சைத்தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போவதில்லை, பதனிட்டுக் காய்ந்து வந்த தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை என்று தரகர் விளக்கிய பிறகுதான் சம்மதித்தார். ஆனால் அக்காவைக் கேட்டால், அவள் சம்மதித்தது மாப்பிள்ளையின் நிறத்தைப் பார்த்து என்பாள். மாமா அப்படிச் சிவப்பு. உள்ளங்கை, காது மடல், மூக்கு நுனி எல்லாம் அப்போதுதான் வெயிலில் நடந்து வந்தவரைப்போல இருக்கும். கல்யாணமாகி வருஷங்கள் போகப் போக அந்தச் சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டம்மா, "உங்க வூட்டுக்காரரு மூஞ்சில ரத்தம் சொட்டுதும்மா, அப்படி இன்னாதான் ஆக்கிப் போடற?" என்று கேட்கும்போது, அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். அது அவளுடைய பெருமை. குழந்தை இல்லாத வீட்டில் ஒரு பெண்ணின் திறமைக்கு ஊரார் கொடுத்த ஒரே நற்சான்று அவள் புருஷனின் முகம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான் பள்ளி முடித்து, ரத்தப் பரிசோதனைப் பயிற்சி பெற்று, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் என்னால் யோசிக்க முடியாது. அந்த வேலை அதற்கு ஏற்றதாக இருந்தது. சேர்ந்த கொஞ்ச காலத்தில் மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தலைவலி, தலைச் சுற்றல், விரல் நுனிகளில் எரிச்சல். இவற்றையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டிவிட்டது. சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டது, ஆனால் பயந்துவிட்டார். "கண்ணு போச்சுன்னா நம்ம பொழப்பு போச்சு. அக்காகிட்ட சொல்லாத," என்றார். அக்காவிடம் சொல்லாமல் இருப்பது மாமாவின் வெகுநாளைய பழக்கம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து இயந்திரத்தில் சுற்றவிட்டால், சிவப்பணுக்கள் அடியில் படியும். மஞ்சள் நீர் மேலே நிற்கும். நல்ல உடம்பில் சிவப்பு ஏறக்குறையப் பாதிக் குழாய்க்கு வரும். மாமாவின் குழாயில் மஞ்சள் நீருக்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. நான் தவறு செய்துவிட்டேனோ என்று மறுபடியும் செய்து பார்த்தேன். அதே சிவப்பு.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தைச் செய்யும் இடம், மாமாவின் மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கினார். ரத்தம் கூழ்போலக் கெட்டியாகிவிட்டது. முகச் சிவப்பும் குளித்ததும் வரும் அரிப்பும்கூட இதனால்தான். மூளையிலோ இதயத்திலோ எங்காவது உறைந்தால் ஆபத்து. இது வந்துவிட்டுப் போகிற நோயில்லை, கூடவே இருக்கப்போகிறது. முதல் வைத்தியம் பழைய வைத்தியம்தான்: கையில் பெரிய ஊசி போட்டு ஒரு புட்டி ரத்தத்தை வெளியே எடுத்துவிடுவது. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும். இப்படி எடுக்க எடுக்க உடம்பிலிருக்கும் இரும்புச் சத்தும் தீர்ந்துபோகும், இரும்பு இல்லாமல் மஜ்ஜை எவ்வளவு முயன்றாலும் அத்தனை சிவப்பணுக்களைச் செய்ய முடியாது என்பது கணக்கு. மாமா கேட்டுக்கொண்டார். நான் அந்த நேரத்தில் பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். அதன் பிறகு டாக்டரம்மா அவரிடம் தனியாகச் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

அக்காவிடம் ஒருவழியாகச் சொல்லியாயிற்று. அவள் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள்: கெட்ட ரத்தம் சேர்ந்துவிட்டது, எடுத்துவிடுகிறார்கள். அதுவரை சரி. ஆனால் முதல் தடவை மாமாவுடன் வந்தவள் புட்டியைப் பார்த்துவிட்டாள். கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்த புட்டியில் ரத்தம் கருஞ்சிவப்பாக, சோம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தடவையிலிருந்து உள்ளே வரவே இல்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாள். மாமா முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்ததும், "அவ்ளோவும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்பாள். மாமா, "கொஞ்சம் வுட்டு வெச்சிருக்காங்க, உன்னோட சண்ட போட," என்பார். ரத்தம் எடுத்த சில நாட்களுக்குத் தலைவலி போய்விடும். குளித்தால் அரிப்புகூடக் கொஞ்சம் கம்மி. எனக்கு மனம் நிம்மதியாக இருக்கும்.

ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. டாக்டரம்மா எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குழாயில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. எடுத்த ரத்தமெல்லாம் யாரோ திருப்பி ஊற்றினாற்போல் வந்து சேர்ந்துவிடும். சோதனைகளைத் திரும்பச் செய்தேன். குழாயை மாற்றினேன். வேறொருவரைச் செய்யச் சொல்லி ஒப்பிட்டேன். என் பக்கம் பிழை ஒன்றுமில்லை. ஓராண்டுபோல் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்ந்து வரச் சொன்னார் டாக்டரம்மா. என்னையும் கூட இருக்கச் சொன்னார். அக்காவுக்கு விளங்காததை நான் விளக்க வேண்டும் என்று.

அந்த அறை எனக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருக்கிறது. மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். அக்கா கல்யாணத்துக்குப் போகிறவளைப்போல் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரத்தம் எடுப்பது மட்டும் இனிப் போதாது என்று தோன்றுகிறது என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். மேலே இரண்டு வழிகள் இருந்தன. பம்பாய்க்குப் போனால் கதிர்வீசும் மருந்து ஒன்றைக் கொடுப்பார்கள். அது எலும்புக்குள் போய் மஜ்ஜையை அடக்கி வைக்கும். ஒரு தடவை கொடுத்தால் நெடுநாள் தாங்கும். ஆனால் சிலருக்குப் பல வருஷம் கழித்து மஜ்ஜை வேறு விதமாகக் கெட்டு, மருந்தில்லாத நோயாக மாறிவிடுகிறது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் மாத்திரை. அதுவும் மஜ்ஜையை அடக்கும். அளவு மீறினால் மஜ்ஜை மொத்தமாகவே படுத்துவிடும். விடாமல் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் முடிந்தவரை தள்ளிப்போடவே தாம் விரும்பியதாகவும், ஆனால் இப்படியே விட்டால் ரத்தம் உறைந்துவிடுமோ என்று பயப்படுவதாகவும் சொன்னார்.

நான் அக்காவுக்குச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள்.

"நான் ஒரு கொறயும் வெக்கலியே டாக்டரம்மா. ஒவ்வொரு தபா ரத்தம் எடுத்துட்டு வந்ததும் கறிக்கட பாய்கிட்ட சொல்லி வெச்சி சுவரொட்டி வாங்கியாந்து, நெருப்புல சுட்டு, மொளகு போட்டுக் குடுக்கறேன். ஈரலு குடுக்கறேன். முருங்கக்கீர ஒரு நாளு தப்பறதில்ல. கம்பெனி சாயபு வூட்லருந்து பேரீச்சம்பழம் வருது, அதுல நான் ஒண்ணு வாயில வெச்சதில்ல, எல்லாம் அவருக்குத்தான். எடுத்த ரத்தத்த அப்படியே ஊற வெச்சிட்றேனே. அப்பவும் ஏன் இப்படி ஆவுது?"

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. எனக்குக் காதுகள் சூடாகிவிட்டன. பிரசவமானவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக் கொடுத்து ரத்தம் ஊறவைக்கிற ஊர் எங்களுடையது. குடியாத்தத்தில் எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். ரத்தம் போனால் ரத்தம் வரச் செய்ய வேண்டும். இதை எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் புட்டி புட்டியாக வெளியேற்றிய இரும்பை, அவள் மிளகு போட்டுத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மாமாவைப் பார்த்து, மெதுவாக, "ஈரல், சுவரொட்டி, கீரையெல்லாம் சேர்க்கக்கூடாதுன்னு முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே?" என்று கேட்டார்.

மாமா சுவரைப் பார்த்தார். "சொன்னீங்க," என்றார்.

அக்கா அழுகையை நிறுத்தியது அப்போதுதான். கண்ணைத் துடைக்கவில்லை. மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முகத்தில் தனக்கு வேண்டிய பதில் இருப்பதைப் படித்துக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவிடம் அவள் பேசிய குரல் நான் அதுவரை கேட்டிராதது. "அப்ப தப்பு சாப்பாட்லதான். ஒடம்புல இல்ல. அந்த மருந்து ரெண்டும் இப்ப வேணாம். எனக்குக் கொஞ்ச நாளு குடுங்க டாக்டரம்மா. பத்தியம் நான் பாத்துக்கறேன்." டாக்டரம்மா யோசித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

அன்று நானும் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவர்களோடு ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பாலாற்று மணல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மாதனூர் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "தெரிஞ்சேதான் துன்னீங்களா?"

"இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் மாமா. "ஆஸ்பத்திரில நீ உள்ள வரமாட்டேங்கற. மரத்தடில ஒக்காந்து நடுங்கற. வூட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டி, வேர்க்க வேர்க்கச் சுட்டுக் கொண்டாந்து வெச்சிட்டு, நான் துன்றத எதிர்ல ஒக்காந்து பாக்கற. அப்பதான் உன் மூஞ்சி தெளியுது. அதயும் வேணாம்னு சொன்னா, உனக்குச் செய்ய வேற இன்னா கீது?"

"எனக்கு வேல குடுக்கறதுக்கா நீங்க உசுர வுடப் பாத்தீங்க?"

"உசுரு போவும்னு நெனக்கலடி. கொஞ்சமா துன்னா ஒண்ணும் ஆவாதுன்னு பாத்தேன்."

"கொஞ்சமா! தட்ட வழிச்சித் துன்னுட்டு." பஸ்ஸில் முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அழுவேன்னுதான சொல்லல? அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க போய்ட்டப்பறம் அழறதுக்கு இது கம்மிதான்."

ஆம்பூரில் இறங்கும்போது மாமா அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.

அடுத்த மூன்று மாதங்கள் அக்காவுக்கு எப்படிப் போயின என்பதை நான் வாரக்கடைசிதோறும் போய்ப் பார்த்தேன். வைத்தியம் என்றால் எதையாவது கொடுப்பது என்றுதான் உலகம் நினைக்கிறது. என் அக்கா கொடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ரத்தம் எடுத்த பிறகு வீடு திரும்பும் மாமா, இரும்பு குறைந்துபோன உடம்போடு, தெருமுனையிலிருந்து வாசல்வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். முகத்தில் இருந்த சிவப்பு வாரத்துக்கு வாரம் வடிந்தது. நகங்கள் வெளுத்தன. அந்த வெளுப்பு வைத்தியம் வேலை செய்வதன் அடையாளம் என்று நான் சொன்னேன். அக்கா தலையாட்டுவாள், ஆனால் அவள் கைகள் சும்மா இருக்காது. பிசைந்து வைத்த மோர்ச்சோற்றை மறுபடியும் பிசைவாள். கறிக்கடை பாய் வழக்கம்போல் சுவரொட்டியை இலையில் சுற்றி எடுத்து வைத்துவிட்டு, "அக்கா, உங்க பொட்டலம்," என்று கூப்பிட்டபோது, "வேற யாருக்காவது குடுத்துடு பாய்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்ததை நான் கூட இருந்து பார்த்தேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஊர் வாய். முன்பு புகழ்ந்த அதே எதிர்வீட்டம்மா இப்போது எங்கள் காதில் விழும்படியே சொன்னாள்: "பொன்னாட்டம் இருந்த மனுசன். இப்ப பாரு, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் ஆய்ட்டாரு. சோறு போட்றாளா இல்லியோ." நான் பதில் சொல்ல எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வுடுடி. அவங்களுக்கு மஜ்ஜ கிஜ்ஜ இன்னா தெரியும். எனக்கே நேத்துதான தெரியும்." அன்று இரவுச் சோற்றுக்குப் பூசணிக்காய்க் கூட்டு. மாமா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இந்த வூட்ல நான் மட்டும்தான் வெளுக்கணும்னு பாத்தா, சாப்பாடுமா வெளுக்கணும்?" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ரத்தம் எடுக்கும் நாளில் அக்கா மரத்தடியில் உட்காருவதை விட்டுவிட்டாள். உள்ளே வந்தாள். முதல் தடவை புட்டியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு மாமாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தடவை ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். பிறகு ரத்தம் நிதானமாக இறங்குகிறதா, முன்பைவிட இளக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். "இந்த தபா சீக்கிரம் எறங்குதுடி, இல்ல?" என்று என்னைக் கேட்பாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாத முடிவில் குழாயைச் சுற்றவிட்டு எடுத்தபோது, சிவப்பு பாதியை ஒட்டி நின்றது. அடுத்த மாதமும் அங்கேயே நின்றது. டாக்டரம்மா பம்பாய்ப் பேச்சை எடுக்கவில்லை. ரத்தம் எடுக்க வேண்டிய இடைவெளி நீண்டுகொண்டே போனது. மாமா சோர்வோடுதான் இருந்தார். ஆனால் கண் இருட்டவில்லை, விரல் எரியவில்லை, தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லும் வேலையை விடவில்லை. அப்படிச் சில நல்ல வருஷங்கள் கிடைத்தன. அவற்றை அக்காதான் சம்பாதித்துக் கொடுத்தாள் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அறுபதுகள். பரிசோதனைக் கூடத்தில் புதிய கருவிகள் வந்துவிட்டன. நான் பழகிய சில வேலைகளை இப்போது வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாமாவின் நோயும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சென்ற சில மாதங்களாக அவருடைய மண்ணீரல் வீங்கிக்கொண்டு வருகிறது, வெள்ளையணுக்களும் கூடிவிட்டன. அவை ரத்தம் எடுப்பதற்கு அடங்குகிறவை அல்ல. மாத்திரையை இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது, அதே அறையில் அதே மாதிரி இரண்டு நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கும் தலை நரைத்திருந்தது. மாத்திரை என்ன செய்யும், என்ன செய்துவிடக்கூடும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வரவேண்டும் என்பதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை. நேராக அக்காவிடமே சொன்னார். மாமா அதில் ஒன்றும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வெளியூர்ப் பஞ்சாயத்துக்கு வந்தவரைப்போல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் கேட்டு முடித்த அக்கா, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. குணமாகுமா என்றும் கேட்கவில்லை. "இதுக்குப் பத்தியம் இன்னா?" என்றாள்.

"பத்தியம் ஒண்ணும் இல்லை. இனிமே மாத்திரையே மஜ்ஜையைப் பாத்துக்கும். ரொம்பச் சோர்ந்திருக்கார். கொஞ்சம் ஈரல், கீரை எல்லாம் இப்போ சேர்க்கலாம்," என்றார் டாக்டரம்மா.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காதுல வுழுந்துதா?"

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அதுவும் அவளுக்குப் போதவில்லை. "எழுதிக் குடுக்கச் சொல்லுடி," என்றாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் மாத்திரைச் சீட்டை மறுபடி எடுத்து, அடியில் தமிழில் எழுதிக்கொடுத்தார். அக்கா அதை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உதடு அசைய எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"கம்மியாத்தான் குடுப்பேன்," என்றாள்.